பதினாலாம் நம்பர் துண்டில் இருப்பவர்

பூரண சம்பத் என்க்ளேவ் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குக் காய்கறித் தோட்டம் ஒன்று இருப்பது சேலையூர் வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாமல் இருக்க வழியில்லை. கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் முனையிலேயே போர்டு வைத்திருக்கிறார்கள். ‘மண்ணைத் தொடுவோம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, தொடுவதற்கான விதிகள் முப்பத்தாறையும் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். முதல் விதி, அனுமதியின்றி மண்ணைத் தொடக் கூடாது.

தோட்டம் மூன்று பிளாக்குகளுக்கும் பின்னால், ஏரிப் பக்கமாக இருந்தது. கம்பி வேலி, ஒரே ஒரு கேட், கேட்டில் ஒரு நாற்காலி, நாற்காலியில் வாட்ச்மேன் மாரி, மாரியின் மடியில் பதிவேடு. உள்ளே இருபது துண்டு நிலங்கள். காய்கறி போடத்தான் பிரித்துக் கொடுத்தார்கள். ஆனால் சங்கத்துக்காரர்கள் விவரமானவர்கள். மண்ணில் எதையாவது போட்டால் முளைத்துத் தொலைக்கும், முளைத்தால் களை, பூச்சி, பக்கத்துத் துண்டுக்காரரோடு வாய்ச்சண்டை என்று ஒவ்வொன்றாகப் பின்னால் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே டைல்ஸ் பதித்து, கூழாங்கல் கொட்டி, நடுவில் பெயர்ப்பலகை நட்டு வைத்திருந்தார்கள். தலைவர் ஸ்ரீரங்கனின் துண்டில் சிமெண்டால் செய்த கத்தரிக்காய் ஒன்று ஆளுயரத்துக்கு நின்றது. சிறந்த விளைச்சலுக்கான கேடயத்தை அது மூன்று வருஷமாக விடாமல் வாங்கிக்கொண்டிருந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த என்க்ளேவில் அடுப்பில் ஏறியதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

பதினாலாம் நம்பர் துண்டு மட்டும் காடு. சீமைக்கருவேலம் இரண்டு ஆள் உயரத்துக்கு முள்ளை விரித்திருந்தது. அடியில் உண்ணிச்செடி, பார்த்தீனியம், இடுப்பளவு கோரை. எல்லாவற்றையும் சேர்த்து மூட்டை கட்டியதுபோல மேலே கோவைக்கொடி. பட்டப்பகலில் நின்று பார்த்தாலும் நாலடிக்கு மேல் கண் போகாது. காக்கா கூட அதில் உட்காருவதில்லை என்று மாரி சொல்வான்.

அந்தத் துண்டுதான் பிரிட்டோவுக்குக் கிடைத்தது.

பிரிட்டோ சி பிளாக்கில் மூன்றாம் மாடிக்காரன். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில், செய்து முடித்த உருப்படிகள் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. அவனுக்குத் தோட்ட ஆசையெல்லாம் கிடையாது. ஆசை அவன் மனைவி ஜாஸ்மினுக்காக. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து ஜாஸ்மின் பேச்சை நிறுத்திவிட்டாள். எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். நரம்பு டாக்டர், மனசு டாக்டர், வேளாங்கண்ணி எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு நாள் மொட்டை மாடியில் யாரோ போட்டுவிட்டுப் போன பெயிண்ட் பக்கெட்டில் ஒரு தக்காளிச் செடி தானாக முளைத்திருப்பதாகப் பிரிட்டோ பேச்சுவாக்கில் சொன்னான். ஜாஸ்மின் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, படியேறிப் போய் அதைப் பார்த்தாள். மறுநாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுபோனாள். இப்போது மாடியில் முப்பத்தோரு பக்கெட் இருந்தன. வெண்டை, கத்தரி, மிளகாய், கீரை எல்லாம் இருந்தது. ஜாஸ்மினும் சமைத்தாள், சண்டை போட்டாள், சிரித்தாள். அந்தச் செடிகள்தான் தன் பெண்டாட்டியைத் திருப்பிக் கொடுத்தன என்று பிரிட்டோ பைபிள்மேல் கைவைத்துச் சொல்வான்.

அப்போதுதான் சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. மொட்டை மாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்பு வேலை நடக்கப்போகிறது. செப்டம்பர் முப்பது மாலை ஐந்து மணிக்குள் செடிகளை அகற்ற வேண்டும். அகற்றாதவை குப்பையாகக் கருதப்பட்டு அப்புறப்படுத்தப்படும். ஜாஸ்மின் அதை இரண்டு தடவை படித்தாள். அன்று சாயங்காலம் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.  மறுநாளே பிரிட்டோ லீவு போட்டுவிட்டுத் தோட்டத்தில் இடம் கேட்டு விண்ணப்பம் கொடுத்தான்.

சங்கத்தின் செயலாளர் விஷ்ணுப்ரியா நாவலூர் ஐ.டி. கம்பெனி ஒன்றில் புராஜெக்ட் மேனேஜர். கம்பெனி வேலையையும் சங்க வேலையையும் ஒரே லேப்டாப்பில் பார்ப்பார். எதில் எது என்பது சில சமயம் அவருக்கே குழம்பும்.

"கங்கிராட்ஸ் மிஸ்டர் பிரிட்டோ. பதினாலு உங்களுக்கு அலாட் ஆயிருக்கு. தொண்ணூறு நாள்ல கிளியர் பண்ணணும். செப்டம்பர் முப்பது இன்ஸ்பெக்‌ஷன். அதுக்குள்ள பழைய அலாட்டி கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர் வாங்கிக் கொடுத்துடுங்க."

"பழைய ஆளு யாரு மேடம்?"

"ஷ்யாம்சுந்தர். ஏ பிளாக்."

"இப்ப எங்க இருக்காரு?"

"பதினாலுலதான்."

"ஏ பிளாக் பதினாலா?"

"இல்ல சார். தோட்டத்துல, பதினாலுல."

விஷ்ணுப்ரியா லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். தோட்டப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். கடைசி வரியில் ஷ்யாம்சுந்தர் என்று அழகான கையெழுத்து. இரண்டாயிரத்து இருபத்தொன்று, மார்ச் எட்டு. உள்ளே சென்ற நேரம் காலை ஆறு இருபது. வெளியே வந்த நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"நாலு வருஷமா காலியாதான் இருக்கு" என்றார் விஷ்ணுப்ரியா.

"நாலு வருஷமா அந்த முள்ளுக்குள்ளயா மேடம் இருக்காரு?"

"ரெக்கார்டுபடி. அதனாலதான் நாங்க யாரும் அங்க கை வைக்கல. ஆள் இருக்கற இடத்துல அருவா வைக்க முடியாது இல்லையா? நீங்களும் கொஞ்சம் பார்த்து வெட்டுங்க."

பிரிட்டோ சிரித்தான். விஷ்ணுப்ரியா சிரிக்கவில்லை. சிரித்ததை நிறுத்துவதற்குப் பிரிட்டோவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கேட்டில் மாரியிடம் கேட்டான். மாரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அது ஒண்ணும் இல்ல சார். அன்னிக்கி நோட்டு முடிஞ்சிபூட்ச்சு. அவரு போட்டதுதான் கடசி லைனு. அவரு உள்ள இருக்கசொல்லவே பயைய நோட்ட ஆபீசுக்கு எட்த்துகினு பூட்டாங்கோ. வெளிய வந்தாரு, புது நோட்ட நீட்டுனேன். இன்-டைமு போடாத நோட்டுல எப்டி அவுட்-டைமு போடறதுன்னு கேட்டாரு. ஆபீஸ்ல கேட்டா, பயைய நோட்ட மூடி சீல் வெச்சாச்சுன்னாங்கோ. அவரும் அப்டியே போய்ட்டாரு. அத்தோட பேஜார்."

"அப்ப அவரு வெளிய வந்தத நீ பாத்த."

"பாத்தேன் சார். நான் பாத்து இன்னா ஆவப்போவுது?"

ஆவணி பிறப்பதற்குள் பாதியையாவது வெட்டிவிட வேண்டும் என்று பிரிட்டோ தினமும் காலை ஆறு மணிக்கு அரிவாளும் கடப்பாரையுமாகக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனான். எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டு வெளியே வந்து பட்டறைக்கு ஓடினான். வெளியே வரும் கையெழுத்தை மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்ப்பான்.

முதலில் களைக் குழு வந்தது. வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு களையையும் படம் எடுத்து, பெயர் எழுதி, அனுமதி வாங்க வேண்டும் என்றது. பெயர் தெரியாத களையை வெட்டக் கூடாதாம். அது களையாக இல்லாமல் போய்விட்டால் யார் பொறுப்பு? பார்த்தீனியத்துக்கு ஒரு வாரத்தில் அனுமதி கிடைத்தது. நெருஞ்சிக்கு மறுத்துவிட்டார்கள், அது மருந்து என்று குழுவில் ஒருவருக்கு ஞாபகம். கருவேலத்தை வேரோடு எடுக்க நிழல் குழுவின் சம்மதம் வேண்டியிருந்தது. அந்த நிழலில் இதுவரை யாரும் நின்றதில்லை என்று பிரிட்டோ சொன்னபோது, ஷ்யாம்சுந்தர் நிற்கிறாரே என்றார்கள்.

இரண்டாவது வாரத்திலிருந்து கடிதங்கள் கிடைக்கத் தொடங்கின. ஒவ்வொன்றையும் பாலித்தீன் உறையில் போட்டு, ஒரு கல்லைக் கட்டி, வேலிக்கு வெளியிலிருந்து வீசியிருக்கிறார்கள். எல்லாம் திரு. ஷ்யாம்சுந்தர், துண்டு எண் 14 என்ற முகவரிக்கு. மாலை ஆறு மணிக்கு மேல் தோட்டத்தில் இருப்பது விதி ஒன்பதுக்கு முரணானது, விளக்கம் தரவும் என்றது ஒன்று. தாங்கள் அங்கேயே இருந்தும் களை மண்டியிருப்பது வருத்தத்துக்குரியது என்றது இன்னொன்று. நாலு தீபாவளி வாழ்த்துகள் இருந்தன. தங்கள் மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு தங்களைத் தணிக்கைக் குழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்ற கடிதமும் இருந்தது. பிரிட்டோ அவற்றைச் சாயங்காலம் ஜாஸ்மினுக்குப் படித்துக் காட்டுவான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு கடிதத்தை மட்டும் அவளிடம் காட்டவில்லை. அது காட்டின் நடுவில் கிடைத்தது. மற்ற எல்லா உறைகளும் ஒட்டியபடியே இருந்தன, இது பிரித்திருந்தது. ஓரமாகக் கிழித்து, உள்ளேயிருந்ததை எடுத்து, நாலாக மடித்துத் திரும்ப உறைக்குள் வைத்திருந்தார்கள். பெருச்சாளி கடித்திருக்கும் என்று பிரிட்டோ தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். பெருச்சாளி நாலாக மடிக்குமா என்பதை யோசிக்காமல் இருக்கப் பார்த்தான்.

அடுத்த நாள் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடைத்தது. வார் இற்றுப்போயிருந்தது. உள்ளே போகிறவர் கழற்றி விட்டதுபோல இரண்டும் ஒட்டி, உள்பக்கம் பார்த்து இருந்தன. அதற்கு அப்பால் கோரைப்புல் ஓரிடத்தில் மட்டும் வட்டமாகப் படிந்திருந்தது, தினம் யாரோ வந்து உட்கார்வதுபோல. நாயாக இருக்கும். அங்கே நாய் நுழைய வழியில்லை என்பது வெட்டி வழி போட்ட பிரிட்டோவுக்கே தெரியும். அன்றிலிருந்து அவன் ஒவ்வொரு புதரையும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை இருமினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக சிங்கப்பெருமாள் கோவில் ஊருக்குப் போனான். ஷ்யாம்சுந்தரின் விலாசத்தைக் கொடுத்தவன் மாரி.

"அங்கதான் தங்கச்சி வூட்ல கீறாரு சார். போன மாசம்கூட பஸ் ஸ்டாண்டாண்ட பாத்தேன்."

"இத ஆபீஸ்ல சொல்லலியா?"

"சொன்னேனே. டூட்டி நேரத்துல பஸ் ஸ்டாண்டுல இன்னா பண்ணினு இருந்தேன்னு மெமோ குட்த்தாங்கோ."

ஷ்யாம்சுந்தர் கதவைப் பாதி திறந்து, பிரிட்டோவின் கையில் நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இல்லை என்றதும் உள்ளே விட்டார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டில் கை வைத்துப் பிசைவதையே பிரிட்டோ கொஞ்ச நேரம் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தோட்டத்துலேர்ந்து நேரா என் வீட்டுக்குப் போனேன் சார். அந்த வீட்டுக்காரர் தோட்டத்துல இருக்கார், அவர் இல்லாதப்போ யாரையும் உள்ள விட முடியாதுன்னுட்டாங்க. பதினொரு லெட்டர் எழுதினேன். எல்லாத்துக்கும் பதில் போட்டாங்க. பதினாலாம் நம்பர் துண்டுக்கு."

"நீங்க ஒரு தடவ நேர்ல வந்து நின்னா போதுமே சார்."

"வந்தா விசிட்டர் நோட்டுல கையெழுத்து போடணும். போட்டா, நான் வெளியாள்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார் ஷ்யாம்சுந்தர். பிறகு, கேட்ட லெட்டரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, போன் நம்பரும் கொடுத்தார். வாசல்வரை வந்தவர் தயங்கினார். "எவ்வளவு தூரம் வெட்டியிருக்கீங்க?"

"பாதி ஆச்சு சார்."

"நடுவுல போயிட்டீங்களா? அங்க... யாராவது இருக்காங்களா?"

பிரிட்டோ அவரைப் பார்த்தான்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. சில நாள் சாயங்காலத்துல கால்ல முள்ளு குத்தற மாதிரியே இருக்கு. எனக்கே சந்தேகமா போயிடுது. எதுக்கும் பார்த்து வெட்டுங்க."

அந்தக் கடிதத்தைத் தலைவர் ஸ்ரீரங்கன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். கையெழுத்து ஒத்துப்போவதை ஒப்புக்கொண்டார். ஆனால் மேலே ‘சிங்கப்பெருமாள் கோவில்’ என்று இடம் போட்டிருந்தது.

"பதினாலுல இருக்கற மனுஷன் சிங்கப்பெருமாள் கோவில்ல எப்படிக் கையெழுத்துப் போடுவார்? இது ஃபோர்ஜரி மிஸ்டர் பிரிட்டோ. நீங்க நல்ல மனுஷர்ங்கறதால இதைப் பெருசு பண்ணல."

"நான் அவர நேர்ல பாத்தேன் சார். தயிர்சாதம் சாப்பிட்டுட்டு இருந்தாரு."

ஸ்ரீரங்கன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஊருக்கு உபதேசம் செய்யும்போது அவருக்கு முகத்தில் ஒரு களை வரும். அந்தக் களைக்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை.

"நான் முப்பத்தஞ்சு வருஷம் கவர்ன்மென்ட்ல இருந்தவன். ஒரு நாள் எங்க ஆபீஸ்ல தீப்பிடிச்சுது. எல்லாரும் ஓடினா. நான் சீட்டை விட்டு எழுந்திருக்கல. ஏன்னா தீப்பிடிச்சதா எனக்கு ஃபைல் வரல. அப்புறம் என்னைத் தூக்கிண்டு போய் வெளில போட்டா. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ஹாஸ்பிடல்லேர்ந்தே ஆர்டர் போட்டு, ஓடின பதினேழு பேருக்கும் விளக்கம் கேட்டேன். அனுமதியில்லாம இருக்கையை விட்டதுக்கு. கண்ணுன்னா ஏமாத்தும், மிஸ்டர் பிரிட்டோ. மனுஷா பொய் சொல்லுவா, ஊர் மாறுவா, செத்துப்போவா. நோட்டு எங்கயும் போகாது. நோட்டை விட்டுட்டு மனுஷாளை நம்ப ஆரம்பிச்சா நாளைக்கு கேட் எதுக்கு? வாட்ச்மேன் எதுக்கு? நான் எதுக்கு?"

கடைசிக் கேள்வியில் அவரே கொஞ்சம் திடுக்கிட்டதுபோல் நிறுத்தினார். பிறகு, முழுதாக வெட்டி முடித்தால் ஷ்யாம்சுந்தர் தெரிவார், அப்போது நேரிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பினார்.

பிரிட்டோ வெட்டினான். வேறு என்ன செய்வான்? மாடியில் ஜாஸ்மின் ஒவ்வொரு பக்கெட்டுக்கும் சுண்ணாம்பால் நம்பர் போட்டுவிட்டாள். எது எந்த வரிசையில் போக வேண்டும் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்துவிட்டாள். ‘வெண்டைக்கு வெயில் வேணும், அத ஏரிப் பக்கம் வெச்சிருங்க’ என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். செப்டம்பரில் பட்டறைக்கு அரைச்சம்பள லீவு போட்டான். கையெல்லாம் முள்ளேறிப் பழுத்தது. முப்பதாம் தேதி மூன்று மணிக்குக் கடைசிக் கருவேல வேர் கடப்பாரைக்கு மசிந்து மேலே வந்தது. நிமிர்ந்து பார்த்தான். செம்மண் வெறுமையாக வெயிலில் கிடந்தது. அங்கே அவனைத் தவிர யாரும் இல்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு முழுதாக உள்ளே போனது.

ஜாஸ்மின் வேலிக்கு வெளியே வந்து நின்றாள். இடுப்பில் ஒரு தக்காளிப் பக்கெட்டை வைத்திருந்தாள். மண்ணைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்புக்காகப் பிரிட்டோ இன்னொரு காட்டையும் வெட்டியிருப்பான்.

நாலு மணிக்குச் செயற்குழு வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை வேலிக்கு வெளியே வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள். ஸ்ரீரங்கன் வெட்டவெளியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"ஷ்யாம்சுந்தர் எங்கே?"

"இல்ல சார்."

"இல்லைன்னா?"

"அவரு இங்க இல்லவே இல்ல சார். நான்தான் அன்னிக்கே சொன்னனே."

குழுவில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஸ்ரீரங்கன் குரல் மெதுவாக, மரியாதையாக வந்தது. பிரிட்டோவுக்கு அந்த மரியாதைதான் பயத்தைக் கொடுத்தது.

"உள்ள ரெண்டு பேர் இருந்தா. ஒருத்தர் கையில அருவா இருந்தது. இப்போ ஒருத்தர்தான் இருக்கார். நாலு வருஷமா எங்க பொறுப்புல பத்திரமா இருந்த மனுஷர், நீங்க உள்ள போன மூணு மாசத்துல இல்ல. இதை நாங்க போலீசுக்குச் சொன்னா அவா என்ன கேப்பா, நீங்களே சொல்லுங்கோ."

பிரிட்டோவின் கையிலிருந்த அரிவாள் திடீரென்று கனத்தது. அதைக் கீழே போட்டான். போட்ட சத்தத்துக்கு எல்லோரும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார்கள். மணி நாலு நாற்பது. சி பிளாக் மொட்டை மாடியில் ஆட்கள் ஏறி நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. ஒருவன் பக்கெட் ஒன்றைக் காலால் நகர்த்திப் பார்த்தான்.

"சார், பதற வேண்டாம். இது சிம்பிள் இஷ்யூ" என்றார் விஷ்ணுப்ரியா. லேப்டாப்பை மூடிவிட்டு, ஆபீசில் சீல் உடைத்துக் கொண்டுவந்திருந்த பழைய பதிவேட்டை மாரியின் மடியிலிருந்து எடுத்தார். "ஒரு கட்டம் காலியா இருக்கு. உள்ள ஒரு ஆள் இருக்கார். உள்ள இருக்கற ஆள் வெளிய வந்து காலிக் கட்டத்துல சைன் பண்ணிட்டா டேட்டா கிளீன். யாரும் காணாமப் போகல. இன்ஸ்பெக்‌ஷன் பாஸ். செடியெல்லாம் இப்பவே இறக்கிடலாம்."

"அவரு பேருக்கு நேரா நான் எப்படி மேடம்..."

"ஃபார்மாலிட்டிதான் சார்."

பிரிட்டோ ஜாஸ்மினைப் பார்த்தான். அவள் பக்கெட்டை இன்னும் இடுப்பிலிருந்து இறக்கவில்லை. போட்டுவிடுங்கள் என்று கண்ணால் சொன்னாள். பட்டறையில் அரை மில்லிமீட்டர் தப்பினால் உருப்படியைத் தூக்கிப் போடுகிறவன், கேட்டுக்கு வெளியே வந்து, பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். ஸ்ரீரங்கன் எழுந்து வந்து அவன் தோளைத் தழுவிக்கொண்டார்.

இன்றைய பதிவேட்டில் தன் பெயருக்கு நேராக வெளியே வந்த நேரம் போடலாம் என்று பிரிட்டோ அதற்கும் கை நீட்டினான். மாரி அதை மார்போடு அணைத்துக்கொண்டான். அவன் முகம் செத்திருந்தது.

"ஒரு ஆளு வெளிய வந்தா ஒரு கையெய்த்துதான் சார். அது ரூலு. நீங்க போட்டுட்டீங்கோ."

ஐந்தரை மணிக்கு எல்லோருடைய போனிலும் சுற்றறிக்கை வந்து விழுந்தது. நாலு ஆண்டுகளுக்குப் பிறகு திரு. ஷ்யாம்சுந்தர் பதினாலாம் துண்டிலிருந்து நலமாக வெளியே வந்ததைச் சங்கம் மகிழ்ச்சியுடன் தெரிவித்தது. இதற்காக அரும்பாடுபட்ட திரு. பிரிட்டோ இன்று காலை ஆறு ஐந்துக்கு உள்ளே சென்றவர் இன்னும் வெளியே வரவில்லை என்பதைக் கவலையுடன் தெரிவித்தது.

பிரிட்டோ சங்க அலுவலகத்துக்கு ஓடினான். "மேடம், நான்தான் பிரிட்டோ."

"ஷ்யாம்சுந்தர் சார், நாலு வருஷம் கழிச்சு வெளிய வந்திருக்கீங்க. முதல்ல ரெஸ்ட் எடுங்க" என்றார் விஷ்ணுப்ரியா. சொல்லும்போது அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. ஏ பிளாக் வீட்டின் சாவியை அவன் கையில் வைத்தார்.

செடிகளை இறக்கினார்கள், வாக்குத் தவறவில்லை. முப்பத்தோரு பக்கெட்டையும் பதினாலாம் துண்டின் வேலிக்கு வெளியே வரிசையாக வைத்தார்கள். துண்டுக்காரர் உள்ளேயிருந்து பெற்றுக்கொண்டு ஒப்பமிட வேண்டும் என்று ஒரு காகிதத்தைக் கல்லில் கட்டி உள்ளே போட்டார்கள். துண்டுக்காரர் எழுந்து வரவில்லை. ஜாஸ்மின் தண்ணீரோடு வந்தாள், துண்டுக்காரர் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். பிரிட்டோ நடுவில் வேலி ஏறப் பார்த்தான், ஏ பிளாக்காருக்கு அங்கே வேலையில்லை என்று இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். மூன்று நாள் வெயிலில் நின்ற பக்கெட்டுகளை நாலாம் நாள் குப்பை டிராக்டர் ஏற்றிக்கொண்டு போனது. ஜாஸ்மின் பால்கனியில் நின்று டிராக்டர் திரும்பும்வரை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சங்கத்தார் அவளைப் பார்க்கப் பழத்தட்டோடு வந்தார்கள். "தைரியமா இருங்கோம்மா. உள்ள அவருக்கு ஒரு குறையும் இல்ல. வாரா வாரம் லெட்டர் போட்டுண்டுதான் இருக்கோம்" என்றார் ஸ்ரீரங்கன். எல்லோருக்கும் காபி கலந்து கொடுத்தவன் பிரிட்டோ. அவர் அதை வாங்கிக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்து பார்த்துக்கறது பெரிய விஷயம் ஷ்யாம்சுந்தர்" என்றார்.

திருமுடிவாக்கத்தில் அவன் பிரிட்டோதான். சாயங்காலம் என்க்ளேவ் கேட்டுக்கு வந்தால் ஷ்யாம்சுந்தர். சி பிளாக்குக்குப் போக விசிட்டர் நோட்டில் எழுத வேண்டும். பார்க்க வந்தவர் பெயர், பார்க்க வேண்டியவர் பெயர், என்ன உறவு. உறவுக் கட்டத்தில் முதல் நாள் கணவர் என்று எழுதினான், அடித்துக் கொடுத்தார்கள். இப்போதெல்லாம் தெரிந்தவர் என்று எழுதுகிறான். எட்டு மணிக்கு விசிட்டர்கள் வெளியேறிவிட வேண்டும். ஏ பிளாக் வீட்டில் யாரோ நாலு வருஷத்துக்கு முன்னால் மடித்து வைத்த போர்வை இருந்தது. ஒரு நாள் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து போன் வந்தது. "நான் வெளிய வந்துட்டேன்னு கேள்விப்பட்டேன் சார். அப்ப இங்க இருக்கறது யாரு?" என்று கேட்டது அந்தக் குரல்.  

ஐப்பசி மழை பெய்தது. வெட்டிப் பதப்படுத்திய மண்ணில் களை வெறிகொண்டு வந்தது. கார்த்திகையில் முழங்கால் உயரம், மார்கழியில் இடுப்பு, தை பிறப்பதற்குள் கருவேலங்கன்றுகள் தோளுக்கு வந்துவிட்டன. யாரும் கை வைக்கவில்லை. ஆள் இருக்கிற இடம்.

ஜாஸ்மின் பழையபடி படுத்துவிட்டாள். மூன்று மாதமாக ஒரு வார்த்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிரிட்டோ நோட்டில் எழுதிவிட்டு மேலே போனபோது அவள் தானாக எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.  அவனும் பின்னாலேயே இறங்கிப் போனான். அவள் நேராகத் தோட்டத்துக்குப் போய், பதினாலாம் துண்டுக்கு எதிரில் வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே புதர் அடர்ந்து இருட்டாக இருந்தது. காற்றே இல்லை.

"ஏங்க" என்று ஜாஸ்மின் புதரைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

பிரிட்டோ அவளுக்குப் பின்னால் ஓரடி தூரத்தில்தான் நின்றிருந்தான். இங்கதான் இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை. உள்ளேயிருந்து என்ன பதில் வருகிறதென்று அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.